ரிசீவரின் பின்பக்கம்: திருநகர் வீட்டில் 5.1 இணைத்த அனுபவம்

மதுரை திருநகரில் என் மாமா வீட்டு ஹாலில் ஒரு 5.1 ரிசீவரைப் பொருத்தி (எல்லாக் கருவிகளின் சத்தத்தையும் வாங்கி, ஐந்து ஸ்பீக்கருக்கும் பேஸுக்கான ஒரு சப்வூஃபருக்கும் பிரித்து அனுப்பும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி அது), ஸ்பீக்கர்களோடு டிவி, ப்ளூ-ரே பிளேயர், ஸ்ட்ரீமிங் ஸ்டிக், கேபிள் பாக்ஸ், பழைய ரெக்கார்டு பிளேயர் எல்லாவற்றையும் அதில் இணைத்துக் கொடுத்தேன். என்ன வரிசையில் செய்தோம், எந்த இடத்தில் வேலை இழுத்தது என்பதை எழுதி வைக்கிறேன். ஆசையாக ரிசீவர் வாங்கி, பின்பக்கத்தில் இருக்கும் ஓட்டைகளைப் பார்த்துவிட்டு டிவியோடு ஒரே ஒரு ஒயரை மட்டும் மாட்டி நிறுத்திக்கொண்ட வீடுகள் மதுரையிலேயே எனக்குத் தெரியும். அவர்களுக்கு இது உதவ வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாட்டிவிட்டு ஆன் செய்யாதீர்கள். ஒரு இணைப்பு, உடனே ஒரு சோதனை, அது சரியாக இருந்தால் அடுத்தது. நேரம் அதிகம் ஆகிற மாதிரி தோன்றும். ஆனால் கோளாறு வரும்போது அது எந்த ஒயரோடு உள்ளே வந்தது என்று உடனே தெரிந்துவிடும். இந்த வீட்டில் அப்படித்தான் ஒரு பெரிய தொல்லை பிடிபட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மாமா செக்கானூரணிப் பக்கம் பல வருடம் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி என்று புளியமரத்திலும் மச்சு வீட்டு உச்சியிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டிய கை. சால்டரிங்கில் அவர் வேகம் எனக்கு வராது. முதல் விவாதமே ஒயரில் தொடங்கியது.

"இருபத்து மூணு எழுபத்தாறு போதும் மாப்ள. அதுல நான் ஊருக்கு இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஓட்டியிருக்கேன்."

அவர் சொன்னது உண்மைதான். மைக் செட்டில் அது நடக்கும். அங்கே ஆம்ப்ளிஃபயரிலிருந்து வருவது 100 வோல்ட் லைன். ஒவ்வொரு குழாயோடும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 100 வாட்டை 100 வோல்ட்டில் அனுப்பினால் ஒயரில் ஓடுவது 1 ஆம்பியர்தான். மெல்லிய ஒயரில் நெடுந்தூரம் போனாலும் இழப்பு குறைவு. வீட்டு ரிசீவரில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. அதே 100 வாட்டை 6 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுக்க 24, 25 வோல்ட்தான் வேண்டும், ஆனால் 4 ஆம்பியருக்கு மேல் ஓடும். தூரம் குறைவு என்றாலும் ஒயர் தடிமனாக இருக்க வேண்டியது இதனால்தான்.

கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். ரிசீவரிலிருந்து சுவரை ஒட்டி, வாசல் நிலையைச் சுற்றி, பின்பக்க ஸ்பீக்கர் வரை ஏறக்குறைய 12 மீட்டர். கரண்ட் போய்த் திரும்ப வேண்டும், ஆகவே 24 மீட்டர் செம்பு. 23/76 ஒயரில், அதாவது 0.0076 அங்குலத் தடிமன் உள்ள இழை 23 கொண்ட ஒயரில், இந்த நீளத்துக்கு மின்தடை 0.6 ஓம் வரும். 40/76 என்றால் 0.36. 70/76 என்றால் 0.2. ஸ்பீக்கரின் ஓம் அளவில் நூற்றுக்கு ஐந்துக்குள் ஒயரின் தடை இருக்க வேண்டும் என்பது பலரும் பின்பற்றும் அளவு. 6 ஓம் ஸ்பீக்கருக்கு 0.3. ஆக, பின்பக்க இரண்டுக்கும் 70/76. முன்பக்க மூன்றுக்கும் தூரம் 3 மீட்டருக்குள்தான், அதற்கு 40/76 தாராளம். மாமா தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தார். "அப்ப இங்க ஆம்பியர்தான் ஆளு" என்றார். அதற்குப் பிறகு ஒயர் பற்றிப் பேச்சே வரவில்லை.

ஒயர் வாங்க டவுன் ஹால் ரோட்டுக்குப் போனபோது கண்ணாடி போன்ற உறை போட்ட ஸ்பீக்கர் ஒயர் பாதி விலைக்குக் கிடைத்தது. நுனியை பிளேடால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளி நிறம். அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியது. அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். தவிர, முறுக்கும்போது இழை சட்டென்று ஒடியும். கடையில் வெட்டுவதற்கு முன்பே சுரண்டிப் பார்த்துவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இதற்கு நேர்மாறாக, மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஒயரும் தேவையில்லை. நல்ல செம்பு, சரியான தடிமன், இது இரண்டும் போதும்.

ஸ்பீக்கர் வைக்கும் இடத்திலும் மைக் செட் பழக்கம் எட்டிப் பார்த்தது. பின்பக்க ஸ்பீக்கர்களை உத்தரத்துக்குப் பக்கத்தில் ஏற்றிவிடலாம் என்றார் மாமா. திருவிழாவில் கூட்டத்தின் தலைக்கு மேலே சத்தம் போக வேண்டும், அதற்காகக் குழாயை உயரத்தில் கட்டுகிறோம். இங்கே கேட்கிறவர் ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். காதின் உயரத்திலிருந்து ஒன்றிரண்டு அடி மேலே இருந்தால் போதும். கோணம்தான் முக்கியம். உட்காரும் இடத்திலிருந்து நேர் எதிரே சென்டர், அதிலிருந்து இடமும் வலமும் 22 முதல் 30 டிகிரிக்குள் முன்பக்க இரண்டும், காதுக்குச் சற்றுப் பின்னால் 110 டிகிரியில் பின்பக்க இரண்டும். நம்மூர் ஹாலில் சோபா பின்சுவரை ஒட்டித்தான் கிடக்கும். பின்னால் ஸ்பீக்கர் வைக்க இடமே இருக்காது. அத்தையிடம் கேட்டு சோபாவை முக்கால் அடி முன்னால் இழுத்தோம், பக்கச் சுவர்களில் ஸ்பீக்கரை மாட்டிக் கேட்பவரைப் பார்த்துத் திருப்பிவிட்டோம். அந்த முக்கால் அடியில் வந்த வித்தியாசம் பெரியது. பின்சுவரில் முட்டித் திரும்பும் சத்தம் நேராகக் காதில் விழுவது குறைந்துவிட்டது. டைல்ஸ் தரை, சிமென்ட் பூச்சு, கண்ணாடி ஜன்னல் என்று எல்லாமே சத்தத்தைத் திருப்பி அடிக்கிற வீடு அது. டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு தடிமனான ஜமுக்காளம் விரித்ததும் வசனம் தெளிந்தது. இதற்குச் செலவே இல்லை.

ஒயரைச் சுவரோரம் கேசிங் பட்டிக்குள் கொண்டுபோனோம். கரண்ட் ஒயர் போகும் பைப்புக்குள் ஸ்பீக்கர் ஒயரை நுழைக்கவே கூடாது. உள்ளே எங்காவது உறை கிழிந்தால் 230 வோல்ட் ரிசீவருக்குள் வந்துவிடும், தொடுகிறவர் மேலும் பாயும்.

அடுத்தது பாசிட்டிவ் நெகட்டிவ். இதில் அவசரப்படக் கூடாது. ஐந்தில் ஒன்று மட்டும் மாறிப்போனாலும் சத்தம் வரும், ஆனால் பேஸ் காணாமல் போகும், பாடகர் குரல் நடுவில் நிற்காமல் எங்கோ மிதக்கும். பலர் ஸ்பீக்கரைக் குறை சொல்வது இந்த இடத்தில்தான். ஜோடி ஒயரில் ஒரு கம்பியின் உறையில் கோடு போட்டிருக்கும், அல்லது செம்பு நிறமும் வெள்ளி நிறமும் வேறுவேறாக இருக்கும். எதைப் பாசிட்டிவாக எடுத்துக்கொள்கிறோமோ அதையே ஐந்துக்கும் எடுக்க வேண்டும். பின்பக்கப் பெட்டிகள் மாமாவின் பழைய சரக்கு. டெர்மினலில் சிவப்பு கறுப்பு அடையாளம் அழிந்திருந்தது. ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுத்தோம். கோன் வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பாசிட்டிவ். உள்ளே போனால் தலைகீழ். இதை ஒயரின் ரிசீவர் பக்க முனையிலிருந்து செய்தால் ஸ்பீக்கர், ஒயர் இரண்டும் ஒரே நேரத்தில் சோதிக்கப்பட்டுவிடும். ரிசீவரில் மாட்டுவதற்கு முன்னால் மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும்.

கூடவே மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஒவ்வொரு ஜோடியையும் அளந்தோம். 6 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 5க்குப் பக்கம் காட்டும், 8 ஓம் ஆறு, ஆறரை காட்டும். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஷார்ட். ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்திருக்கிறது. வலது பின்பக்க ஒயர் ஒன்றுமே காட்டவில்லை. கேசிங் மூடியை ஆணி வைத்து அடித்த இடத்தில் ஒரு கம்பி அறுந்திருந்தது. ரிசீவரை ஆன் செய்தபின் இதைத் தேடியிருந்தால் மெனு முழுவதையும் புரட்டிக்கொண்டிருப்போம்.

ரிசீவரின் பின்பக்கம் இப்போது பயமுறுத்தவில்லை. பல ரிசீவர்களில் டெர்மினல்களுக்கு நிறம் உண்டு. முன் இடது வெள்ளை, முன் வலது சிவப்பு, சென்டர் பச்சை, பின் இடது நீலம், பின் வலது சாம்பல், சப்வூஃபர் ஊதா. அட்டைப் பெட்டிக்குள் இதே நிறத்தில் ஒட்டுத்தாளும் வரும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒயரின் இரண்டு முனையிலும் ஒட்டிவிட்டோம். உறையை அரை அங்குலத்துக்கு மேல் சீவ வேண்டாம். இழைகளை இறுக்கமாக முறுக்கி பனானா பிளக்கில் பூட்டினோம். ஒரே ஒரு மெல்லிய இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் ரிசீவர் ஆன் ஆன சில நொடியில் தானாக அணைந்து, புரொடெக்ஷன் என்று விளக்கு சிமிட்டும்.

பின்பக்கத்துக்கு இன்னும் இரண்டு பெட்டி சேர்த்துவிடலாமே என்று மாமா கேட்டார். மைக் செட்டில் ஒரே லைனில் எத்தனை குழாய் வேண்டுமானாலும் தொங்கும், வாட் கணக்கு சரியாக இருந்தால் போதும். இங்கே 6 ஓம் இரண்டை இணையாகச் சேர்த்தால் 3 ஓம் ஆகிவிடும். அந்த ரிசீவர் 6 ஓமுக்குக் கீழே போகக் கூடாது என்று அதன் முதுகிலேயே அச்சிட்டிருக்கிறது. விட்டுவிட்டோம்.

சப்வூஃபருக்கு ஸ்பீக்கர் ஒயர் கிடையாது. ஊதா ஓட்டையிலிருந்து ஒற்றை ஆர்.சி.ஏ. கேபிள், சப்வூஃபரின் எல்.எஃப்.இ. என்று எழுதிய இடத்துக்கு. அதன் ஆம்ப்ளிஃபயர் அதற்குள்ளேயே இருக்கிறது. பெட்டியின் மேல் இருக்கும் கிராஸ்ஓவர் குமிழை முழுக்கத் திருப்பி வைத்துவிட வேண்டும். எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்பதை ரிசீவர் மட்டும் தீர்மானிக்கட்டும். இரண்டு இடத்தில் வடிகட்டினால் நடுவில் பள்ளம் விழும்.

அப்புறம்தான் பிளக்கைச் சொருகினோம். டெஸ்ட் டோன் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வந்தது. ஐந்தும் சப்வூஃபரும் அதனதன் இடத்தில் பேசின. இனி கருவிகள்.

முதலில் டிவி. ரிசீவரின் எச்.டி.எம்.ஐ. அவுட்டிலிருந்து டிவியில் ஏ.ஆர்.சி. என்று எழுதிய போர்ட்டுக்கு ஒரு கேபிள். டிவியின் சத்தம் அதே கேபிளில் ரிசீவருக்குத் திரும்பி வரும் வழி அது. வேறு போர்ட்டில் போட்டால் படம் வரும், டிவி ஆப்பின் சத்தம் ரிசீவருக்குத் திரும்பி வராது. கேபிள் மாட்டினால் மட்டும் போதாது, இரண்டு பக்கமும் சி.இ.சி., அதாவது எச்.டி.எம்.ஐ. வழியாகக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் வசதி, ஆன் ஆக வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: எனிநெட் பிளஸ், சிம்ப்லிங்க், பிராவியா சிங்க். எல்லாம் ஒன்றுதான். சத்தம் வந்தது, ஆனால் ரிசீவர் திரையில் ஸ்டீரியோ என்றே காட்டியது. டிவியின் சவுண்டு மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் பி.சி.எம். என்று இருந்தது. சாதாரண ஏ.ஆர்.சி. வழியாக பி.சி.எம். இரண்டு சேனல்தான் வரும். அதை பாஸ்த்ரூ, அதாவது வந்த ஒலியை டிவி பிரிக்காமல் அப்படியே அனுப்புவது, என்று மாற்றியதும் டால்பி என்று விளக்கு எரிந்தது, பின்பக்கம் உயிர் வந்தது. நீங்கள் 5.1 வாங்கியும் பின் ஸ்பீக்கர் பேசவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

டிவியில் ஏ.ஆர்.சி.யே இல்லை என்றால் ஆப்டிகல் கேபிள் போதும். டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ். 5.1 இரண்டும் அதில் வரும். ப்ளூ-ரே டிஸ்க்கில் இருக்கும், சுருக்கினாலும் தரம் இழக்காத 5.1 ஒலி மட்டும் அதில் போகாது. ப்ளூ-ரே பிளேயரை டிவியில் மாட்டாமல் நேராக ரிசீவரில் மாட்டியதற்கு அதுதான் காரணம். ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கும் அப்படியே. ஸ்டிக்கின் 4கே படம் இடையிடையே கறுத்துப்போனது. அந்த ஒரு இன்புட்டுக்கு ரிசீவர் மெனுவில் எச்.டி.எம்.ஐ. என்ஹான்ஸ்டு என்று மாற்றி, 18 ஜிகாபிட் தாங்கும் கேபிளைப் போட்டதும் நின்றது.

அடுத்து கேபிள் பாக்ஸ். எச்.டி.எம்.ஐ. போட்ட அந்த நொடியே சப்வூஃபரிலிருந்து உம்ம்ம் என்று ஒரு முனகல். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் அப்படியே நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மாமா காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இது லைன் ஹம்மு" என்றார். 50 ஹெர்ட்ஸ். கேபிள் பாக்ஸை மாட்டியபின்தான் வந்தது என்பது தெளிவாகத் தெரிந்ததால், பாக்ஸின் பின்னால் தெருவிலிருந்து வரும் கோஆக்ஸ் ஒயரைத் திருகிக் கழற்றினேன். முனகல் நின்றது. மாட்டினால் வந்தது. கழற்றினால் போனது.

விஷயம் இதுதான். சப்வூஃபருக்கு மூன்று முள் பிளக், வீட்டு எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. தெருவிலிருந்து வரும் கோஆக்ஸின் வெளிவலை வேறு எங்கோ எர்த் ஆகியிருக்கிறது. இரண்டு எர்த்துக்கும் நடுவே சின்ன வோல்ட்டேஜ் வித்தியாசம் இருக்கும். பாக்ஸ், எச்.டி.எம்.ஐ., ரிசீவர், சப்வூஃபர் கேபிள் என்று வெளிவலை வழியாகவே ஒரு வட்டம் முழுமையாகிவிட, அதில் ஓடும் கரண்ட் முனகலாகக் கேட்கிறது. பாக்ஸை ரிசீவரில் மாட்டாமல் டிவியில் மாட்டினாலும் அந்த வட்டம் டிவியின் எச்.டி.எம்.ஐ. வழியாகச் சேர்ந்துவிடும், ஆகவே அது தீர்வாகாது.

சிலர் சப்வூஃபர் பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்துவிடச் சொல்வார்கள். முனகல் நின்றுவிடும். ஆனால் உள்ளே ஒரு கோளாறு வந்தால் மொத்த உலோகப் பாகமும் கரண்ட் ஆகும். குழந்தைகள் ஓடித் திரியும் வீட்டில் இதை யாரும் செய்யக் கூடாது. என்னிடம் யார் கேட்டாலும் கோபமாகவே சொல்வேன். சரியான வழி, கோஆக்ஸ் பாதையில் ஒரு கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் போடுவது. விரல் நீளம்தான் இருக்கும். டிவி சிக்னலை விடும், 50 ஹெர்ட்ஸை விடாது. போட்டோம், அமைதியானது. இதில் ஒரு எச்சரிக்கை: இது கேபிள் இணைப்புக்கு மட்டும். கூரையில் டிஷ் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே போட்டால் படமே வராது. டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்.என்.பி. என்ற பாகத்துக்கு பாக்ஸிலிருந்து அதே ஒயரில்தான் 13, 18 வோல்ட் மேலே போகிறது, ஐசொலேட்டர் அதைத் தடுத்துவிடும்.

ஐசொலேட்டர் இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது அந்தக் கோஆக்ஸைக் கழற்றிப் போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். மின்னல் வீட்டுக்குள் வர அது திறந்த வழி.

ரெக்கார்டு பிளேயர்தான் மாமாவின் பிடிவாதம். முகூர்த்த வீடுகளில் ஓடிய பிளேயர் அது, ரெக்கார்டுகளும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய உண்டு. ரிசீவரில் ஃபோனோ இன்புட் கிடையாது. புதிய காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் என்றால் வெளியே வருவது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட்தான், அதற்குத் தனி ஃபோனோ ப்ரீஆம்ப் கட்டாயம். இவருடைய பிளேயரில் இருந்தது செராமிக் கார்ட்ரிட்ஜ். அதில் சில நூறு மில்லிவோல்ட் வரும், ஆகவே ரிசீவரின் ஆக்ஸ் இன்புட்டில் நேராக மாட்டினாலே பாடியது. ஆனால் மெலிந்த சத்தம். மத்தளம் தகரம் போல ஒலித்தது. செராமிக்குக்கு எதிரே 10 லட்சம் ஓம் அளவு இன்புட் இருக்க வேண்டும், ரிசீவரின் ஆக்ஸ் 50 ஆயிரம் ஓமைச் சுற்றித்தான் இருக்கும். அதனால் கீழ்ச்சுருதி மொத்தமும் கரைந்துபோகிறது. இதைச் சொன்னதும் மாமாவே ஒரு எஃப்.இ.டி. டிரான்சிஸ்டரும் 1 மெகா ஓம் ரெசிஸ்டரும் வைத்து ஒரு பஃபரை, அதாவது பிளேயருக்கு 10 லட்சம் ஓமாகத் தெரியும் இடைச் சுற்றை, சின்னத் தகர டப்பாவுக்குள் கட்டினார். இடைவழியில் அதைப் போட்டதும் நாதஸ்வரத்துக்குக் கீழே தவில் வந்து உட்கார்ந்தது. அத்தை அடுப்படியிலிருந்து வந்து நின்று கேட்டார்.

ரிசீவரோடு வரும் மைக்கை வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் சத்தத்தையும் ரிசீவரே அளக்கும் வேலையை ராத்திரி ஊர் அடங்கியபின் செய்தோம். மைக்கை முக்காலியில் காது உயரத்துக்கு நிறுத்த வேண்டும், சோபா மெத்தை மேல் படுக்க வைத்தால் அளவு தப்பும். ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும். மதுரைப் புழுக்கத்தில் கஷ்டம்தான், ஆனால் ஃபேன் காற்று மைக்கில் பேஸாகப் பதியும். முடிந்தபின் ரிசீவர் எழுதிய கணக்கைச் சரிபார்த்தோம். முன்பக்க இரண்டையும் லார்ஜ், அதாவது பேஸ் முழுவதையும் தானே பாடும் பெட்டி, என்று போட்டிருந்தது. எல்லாவற்றையும் ஸ்மால் ஆக்கி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபருக்குப் போகும்படி வெட்டினோம், பின்பக்கச் சின்னப் பெட்டிகளுக்கு 100. சப்வூஃபர் இருக்கும் தூரத்தை நிஜத்தைவிட அதிகமாகக் காட்டும், அதைத் திருத்தக் கூடாது. உள்ளே இருக்கும் வடிகட்டி செய்யும் தாமதத்தையும் சேர்த்துத்தான் அப்படிக் கணக்கிடுகிறது.

பேஸ் சோதித்தபோது ஷோகேஸ் கண்ணாடித் தட்டும் அதன் மேலிருந்த எவர்சில்வர் கேடயங்களும் கிடுகிடுவென்று ஆடின. தட்டுக்கு அடியில் கம்பளித் துணித் துண்டுகள் வைத்தோம். ரிசீவரை அந்த ஷோகேஸுக்குள் கண்ணாடிக் கதவு மூடி வைக்கும் திட்டத்தை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளேயே அனல் அடிக்கும். ரிசீவர் தலைக்கு மேல் அரை அடியாவது காற்று வேண்டும். திறந்த மேசைக்கு வந்துவிட்டது. இன்வெர்ட்டர் பழைய சதுர அலை வகை, அந்தக் கரண்ட் இவற்றுக்கு ஒத்துவராது. ஆகவே ரிசீவருக்கும் சப்வூஃபருக்கும் இன்வெர்ட்டர் தொடாத பிளக் பாயின்ட். கரண்ட் போனால் டிவி மட்டும் அதன் சொந்த ஸ்பீக்கரில் ஓடும்.

மீதி ஒரு வேலை இருக்கிறது. ரிசீவரின் பின்னால் ஸோன் 2 என்று, வேறு இடத்துக்குத் தனியாகப் பாட்டு அனுப்ப, ஒரு ஜோடி ஆர்.சி.ஏ. அவுட் சும்மா கிடக்கிறது. இந்த மாடலில் அனலாக் இன்புட் மட்டும்தான் அதில் வரும், ரெக்கார்டு பிளேயர் அனலாக்தான். அதிலிருந்து மாமாவின் பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸுக்கு ஒரு கேபிள் போனால், மொட்டை மாடியில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் பாடும். ரிசீவரின் ஸ்பீக்கர் டெர்மினலும் 100 வோல்ட் லைனும் எந்த இடத்திலும் ஒன்றோடொன்று தொடாது. ஆம்ப்ளிஃபயரின் கெப்பாசிட்டர்களை மாமா மாற்றிக்கொண்டிருக்கிறார். மாடிக்கு 23/76 ஒயரே போதும் என்று நானே சொல்லிவிட்டேன்.